7 இரட்டைப்படையா என்றால் 2 என்கிறது: டெல்லி பைத்தான் வகுப்பு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

தெற்கு டெல்லியில் ஆர்.கே.புரம், முனிர்கா வட்டாரத் தமிழர்களுக்காக ஞாயிறு காலைகளில் நடந்த தொடக்கநிலை பைத்தான் (கணினி நிரல் மொழி ஒன்று) வகுப்பில் நடந்தது இது. நடத்தியவர்கள் தன்னார்வலர்கள், நானும் அவர்களில் ஒருவன். வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். மலை மந்திரில் சாமி கும்பிட்டுவிட்டு நெற்றி விபூதியோடு நேரே வந்து லேப்டாப்பைத் திறப்பவர்களும் உண்டு.

பேச்சு முழுக்கத் தமிழில்தான். பைத்தான் 3-இல் மாறிகளுக்கு (மதிப்புகளைச் சேமிக்கும் பெயர்கள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் பலர் அப்படியே எழுதினார்கள். இஃப் (என்றால்), ஆர் (அல்லது), அண்ட் (மற்றும்), நாட் (இல்லை) போன்ற சில சொற்களை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டியாக வேண்டும். இந்தப் பதிவில் வாசிக்க வசதியாக அவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

இதில் வருபவர்கள் இருவர். ஒருவர் முப்பதுகளில் இருக்கும் பெண்மணி. பி.காம். படித்தவர், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவு. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவர். அதுவரை புரோகிராம் எதுவும் எழுதியதில்லை. மற்றவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பொறியியல் மாணவர், இரண்டாமாண்டு. தமிழ் சரளமாகப் பேசுவார். எழுதச் சொன்னால் நெளிவார். கல்லூரியில் சி மொழி ஒரு பருவம் படித்திருந்தார். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் இவரை 'அக்கா' என்பார், இவர் அவரை 'தம்பி' என்பார். தம்பிக்கு எல்லாம் தெரியும் என்பது அக்காவின் நம்பிக்கை.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட விதி

நிபந்தனைகளைப் பழக டெல்லிக்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு விதியை எடுத்தோம்: ஒற்றை-இரட்டை வண்டித் திட்டம். காற்று மாசைக் குறைக்க 2016 ஜனவரியிலும் ஏப்ரலிலும், பிறகு 2019 நவம்பர் 4 முதல் 15 வரையிலும் டெல்லி அரசு நடைமுறைப்படுத்தியது. ஒற்றைப்படைத் தேதியில் கடைசி எண் ஒற்றைப்படையான கார்கள், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படைக் கார்கள். காலை 8 முதல் இரவு 8 வரை. ஞாயிறு விலக்கு. பெண் தனியாகவோ, பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டோ ஓட்டினால் விலக்கு. இருசக்கர வண்டிகளுக்குக் கட்டுப்பாடே இல்லை. மீறினால் அபராதம் 2016-இல் 2,000 ரூபாய், 2019-இல் 4,000.

இதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. தொடக்கப் பாடங்களில் வழக்கமாக வரும் 'வயது 18-க்கு மேலா' என்ற கேள்வியில் ஒரே ஒரு ஒப்பீடுதான். ஒப்பீடுகளைச் சேர்க்கும்போதுதான் வழுக்கும் என்பது முந்தைய மாணவர் அணியிலேயே தெரிந்திருந்தது. இந்த விதியில் சேர்க்கை, விலக்கு, எல்லை, மறுப்பு எல்லாம் இருக்கின்றன. அதோடு, விடை சரியா தப்பா என்று சொல்ல ஆசிரியர் வேண்டாம். எந்த வண்டி எந்த நாளில் போகலாம் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் கவனித்தது: எல்லா வண்டியும் இரட்டைப்படை

அந்தப் பெண்மணி நேரக் கட்டுப்பாட்டுப் பகுதியை முதலில் எழுதினார். மணியை இன்புட் (தட்டுவதை உள்ளே வாங்கும் கட்டளை) வழியாக வாங்கி 8-ஓடு ஒப்பிட்டதும் பைத்தான் பிழை காட்டி நின்றது: ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடர்) முழு எண்ணையும் பெரிது சிறிது பார்க்க முடியாது என்று. இன்புட் எதைக் கொடுத்தாலும் அது ஸ்ட்ரிங்காகத்தான் வரும். இன்ட் போட்டு எண்ணாக மாற்றினார், ஓடியது. அடுத்து வண்டியின் கடைசி எண். அதற்கு அவர் எழுதிய வரி (== என்றால் 'சமமா?' என்று கேட்பது):

இஃப் கடைசி == 0 ஆர் 2 ஆர் 4 ஆர் 6 ஆர் 8:

இது உண்மையானால் 'இரட்டை', இல்லையென்றால் 'ஒற்றை' என்று அச்சிட வேண்டும். தன் வீட்டு வண்டியின் எண்ணைப் போட்டார். 'இரட்டை' என்று வந்தது. அவர் வண்டி இரட்டைப்படைதான். முடிந்தது என்று அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். பக்கத்திலிருந்த தம்பி தன் அப்பாவின் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோதுதான் 7-க்கும் 'இரட்டை' என்று வந்தது தெரிந்தது. 1, 3, 5, 9 எல்லாவற்றுக்கும் அதே பதில்.

வரியைச் சத்தமாகப் படித்தால் தவறே தெரியாது. கடைசி எண் 0 அல்லது 2 அல்லது 4 அல்லது 6 அல்லது 8 என்றால்... இப்படித்தானே எல்லோரும் சொல்கிறோம்! அவருடைய தர்க்கத்தில் குறை எதுவும் இல்லை. 7 இரட்டைப்படை அல்ல என்று அவருக்குத் தெரியாதா என்ன?

எடுத்த முடிவு: இஃப்பை நீக்குவது

இந்த இடத்தில் இரண்டு குறுக்கு வழிகள் உண்டு. 2-ஆல் வகுத்து மீதி பார்ப்பது ஒன்று. எண்களை அடைப்புக்குள் பட்டியலிட்டு 'இன்' என்று கேட்பது இன்னொன்று. இரண்டும் நல்ல நிரலே. வகுப்பில் ஒருவர் மீதி பார்க்கும் முறையைச் சொல்லவும் செய்தார். அன்றைக்கு அது வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அதைக் கொடுத்தால் வண்டி எண் பிரச்சினை தீரும், 'ஆர்' பற்றிய தவறான எண்ணம் அப்படியே தங்கும். அடுத்த வாரம் 'கிழமை சனி ஆர் ஞாயிறு' என்று அது மறுபடி முளைக்கும். சரியான வரியை உடனே பலகையில் எழுதிக் காட்டிவிட்டு நகர்வதே பல பயிற்சிகளில் வழக்கம். அதனால் மாணவருக்கு ஒரு வரி மனப்பாடமாகுமே தவிர வேறு லாபம் இல்லை என்பது என் கருத்து.

பதிலாக, இஃப்பை எடுத்துவிட்டு நிபந்தனையை மட்டும் பைத்தான் ஷெல்லில் (ஒரு வரி தட்டினால் உடனே விடை காட்டும் இடம்) தட்டச் சொன்னோம். முதலில் கடைசி = 7. பிறகு:

கடைசி == 0

ஃபால்ஸ் என்று வந்தது. இதுவே அவருக்குப் புதுச் செய்தி. ஒப்பீடு என்பது இஃப்புக்குள் மட்டும் வாழும் ஒன்று, அதற்கென்று தனியாக ஒரு விடை கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அடுத்து முழு வரி:

கடைசி == 0 ஆர் 2 ஆர் 4 ஆர் 6 ஆர் 8

திரையில் வந்தது: 2.

ட்ரூவும் இல்லை, ஃபால்ஸும் இல்லை, வெறும் 2. "ஏழு இரட்டைப்படையான்னு கேட்டா ரெண்டுங்குது சார், என்ன இது?" என்றார். வகுப்பே எட்டிப் பார்த்தது.

பைத்தான் 'ஆர்' வரியை இடமிருந்து வலமாகப் பார்க்கிறது. ஒப்பீட்டுக்கு முன்னுரிமை என்பதால் 'கடைசி == 0' முதலில் தனியாக முடிகிறது; விடை ஃபால்ஸ். ஆருக்கு அடுத்துள்ளது வெறும் 2. அது எதோடும் ஒப்பிடப்படவில்லை. பூஜ்யம் அல்லாத எண் எதுவும் பைத்தானுக்கு உண்மைக்குச் சமம். உண்மை கிடைத்ததும் ஆர் அங்கேயே நின்று அந்த மதிப்பையே விடையாகத் தந்துவிடும். 4, 6, 8 வரை அது போகவே இல்லை. கடைசி எண்ணை 0 என்று மாற்றினால் ட்ரூ வருகிறது, மற்ற எதைப் போட்டாலும் 2. ஆக, இஃப் ஒருமுறைகூட 'இல்லை' என்ற பக்கம் போக வழியில்லை.

இதை நான் விளக்கியது குறைவு. பல எண்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஆரின் இரு பக்கமும் தனியாக நிற்கக்கூடிய முழுக் கேள்வி இருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். கடைசி == 0 ஆர் கடைசி == 2 ஆர்... என்று ஐந்து முறையும் முழுதாக எழுதினார்.

அடுத்த சிக்கல்: இப்போது எல்லாமே ஒற்றைப்படை

திருத்திய வரியைப் புரோகிராமில் போட்டு ரன் பண்ணினார். 7-க்கு 'ஒற்றை'. முகம் மலர்ந்தது. 4-க்கும் 'ஒற்றை'. 8-க்கும் 'ஒற்றை'. "சரியாத்தானே எழுதியிருக்கேன் சார்! தப்பா எழுதினப்ப எல்லாம் இரட்டைன்னுச்சு, சரியா எழுதினா எல்லாம் ஒற்றைங்குது."

இந்த வகுப்பின் மிக ஆபத்தான நிமிடம் இதுதான் என்று நினைக்கிறேன். சரியான திருத்தத்தை அவர் சந்தேகிக்கத் தொடங்கினார். பழைய வரிக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கவும் செய்தார்.

காரணம் வேறொரு பிழை. கடைசி எண்ணையும் இன்புட் வழியாகத்தான் வாங்கியிருந்தார். அதற்கு இன்ட் போடவில்லை. எனவே உள்ளே இருந்தது 4 என்ற எண் அல்ல, '4' என்ற எழுத்து. எழுத்தும் எண்ணும் ஒருபோதும் சமமாகா. மணிக்கு நேர்ந்த அதே பிழைதான். ஆனால் அங்கே >= இருந்ததால் பைத்தான் கத்தியது. இங்கே == என்பதால் ஃபால்ஸ் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. வகை வேறான இரண்டு பொருள்கள் சமமா என்பது பைத்தானுக்கு நியாயமான கேள்வி. பதில் 'இல்லை', அவ்வளவே. முதல் வரி தவறாக இருந்தவரை அந்த வெறும் 2 இந்தப் பிழையை மூடி மறைத்திருந்தது.

மறுபடியும் அதே வழி: ஷெல்லில் மாறியின் பெயரை மட்டும் தட்டச் சொன்னோம். மேற்கோள் குறிகளோடு '4' என்று காட்டியது. பிரின்ட் வழியாகப் பார்த்தால் குறிகள் தெரியாது, வெறும் 4 என்றுதான் வரும். குறிகளைப் பார்த்ததும் அவரே இன்ட் போட்டார். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது அந்நியமும் இல்லை. எக்செல்லில் எண் டெக்ஸ்டாக உட்கார்ந்துகொண்டு கூட்டலில் சேராமல் அடம்பிடிப்பதை அவர் தினமும் பார்க்கிறார்.

விலக்குகள்: இருவருக்கும் ஒரே விடை

அடுத்த வாரம் விலக்குகளைச் சேர்த்தார்கள். பெண்மணி விதியை வாய்விட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமையும் லேடீஸ் ஓட்டுற வண்டியும் போகலாம்." சொன்ன கையோடு எழுதினார்:

விலக்கு = ஞாயிறு அண்ட் பெண்கள்_மட்டும்

தம்பி தலைகீழாகப் போனார். யாரைத் தடுக்க வேண்டும் என்று யோசித்து, ஞாயிறாக இல்லாவிட்டால் அல்லது பெண்கள் மட்டுமாக இல்லாவிட்டால் தடை என்று எழுதினார்:

தடை = நாட் ஞாயிறு ஆர் நாட் பெண்கள்_மட்டும்

இருவரும் அவரவர் புரோகிராமை ஓட்டி விடைகளை ஒப்பிட்டார்கள். எல்லா உதாரணத்திலும் பொருந்தின. "ரெண்டு பேரும் வேற வேற மாதிரி எழுதியும் ஒரே விடை வருது சார், அப்ப சரிதானே?" என்றார் தம்பி. நல்ல வாதம். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி தப்பு.

ஒரு தாளில் நான்கு வரி எழுதச் சொன்னோம். கணினி வேண்டாம், விதிப்படி என்ன என்று மட்டும்:

ஞாயிறு, பெண்கள் மட்டும்: விலக்கு உண்டு
ஞாயிறு, மற்றவர்: விலக்கு உண்டு
வேறு நாள், பெண்கள் மட்டும்: விலக்கு உண்டு
வேறு நாள், மற்றவர்: விலக்கு இல்லை

மூன்று 'உண்டு', ஒரு 'இல்லை'. புரோகிராம்களோ முதல் வரிக்கு மட்டும் விலக்கு தந்தன. திங்கட்கிழமை தனியாக ஓட்டிவரும் பெண்ணைத் தடுத்தன, ஞாயிற்றுக்கிழமை ஆண்களையும் தடுத்தன. பெண்மணி உடனே அண்டை ஆராக மாற்றினார். பேச்சில் 'உம்' போட்டு இரண்டு தனித்தனி விலக்குகளை அடுக்குகிறோம். நிரலில் அண்ட் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பொருந்த வேண்டும். அவருக்கு இது அங்கேயே தெளிந்துவிட்டது.

தம்பிக்கு நேரமாயிற்று. அவருடைய வரிக்கும் அக்காவின் முதல் வரிக்கும் ஏன் ஒரே விடை வந்தது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. 'இரண்டும் சேர்ந்து இருப்பது' என்பதை மறுத்தால் 'ஏதாவது ஒன்று இல்லாதது' என்றாகும். அண்ட் ஆராக மாறும். ஆகவே அக்காவின் அண்டும் தம்பியின் மறுத்த ஆரும் ஒரே கூற்றின் இரண்டு வடிவங்கள். இதற்கு டி மார்கன் விதி என்று பெயர். அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் பிறந்தது நம் மதுரையில். இந்தத் தர்க்கத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் பூலின் சமகாலத்தவர். மதுரை என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு. விதி மறந்தாலும் ஊர் மறக்காது என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மறுப்புகளை ஒரே வரியில் அடுக்குவதை விட்டுவிட்டு, விலக்கை முதலில் நேர்மறையாக எழுதிப் பெயர் வைப்பது, கடைசியில் ஒரே ஒரு நாட் என்று முடிவுசெய்தோம். விலக்கு = ஞாயிறு ஆர் பெண்கள்_மட்டும். அதன் பிறகு: நேரத்துக்குள்_உள்ளது அண்ட் எண்_பொருந்தவில்லை அண்ட் நாட் விலக்கு. படித்தாலே விதி புரிகிறது.

நேர எல்லையில் சிறு திருத்தம் வேண்டியிருந்தது. மணியை முழு எண்ணாக மட்டும் வாங்கியதால், மணி <= 20 என்று எழுதினால் இரவு 8.45-க்கும் தடை விழும். < 20 என்று மாற்றினார்கள்.

தம்பிக்கு இன்னொரு பழக்கம். சமமா என்று கேட்க வேண்டிய இடத்தில் சில முறை == போடாமல் ஒரே ஒரு = போட்டார். பைத்தான் இஃப்புக்குள் அதை ஏற்காமல் பிழை சொல்லிவிடும். சி மொழி ஏற்றுக்கொள்ளும்; மாறியின் மதிப்பையே மாற்றிவிட்டு மேலே போகும். 2003 நவம்பரில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் ஒரு நகலுக்குள் யாரோ இப்படியொரு = வைத்து இரண்டு வரிகளைச் செருகினார்கள். ஒப்பீடு போலத் தோன்றும் அந்த வரி, உண்மையில் அதை இயக்குபவருக்கு ரூட் அதிகாரம் (கணினியின் முழுக் கட்டுப்பாடு) கொடுத்துவிடும். பரவுவதற்கு முன் கண்டுபிடித்துவிட்டார்கள். இதைக் கேட்ட பிறகு தம்பி = விஷயத்தில் கவனமானார். பயத்தினாலா ஆர்வத்தினாலா என்று தெரியாது.

பின்விளைவு

சில வாரம் கழித்து பெண்மணி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டார். அலுவலகத்தில் நிலுவை பில்களில் 30 நாள் முதல் 60 நாளுக்குள் இருப்பவற்றைப் பிரிக்க வேண்டியிருந்தது. பைத்தானில் 8 <= மணி < 20 என்று தொடர்ச்சியாக எழுதலாம் என்று கற்றிருந்தார். அதே பாணியில் எக்செல்லில் =30<=ஏ2<60 என்று எழுதினால் எல்லா வரியிலும் ஃபால்ஸ். அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. யாரையும் கேட்கும் முன்பே பக்கத்தில் இரண்டு புதுப் பத்திகளைச் சேர்த்து, ஒன்றில் 30<=ஏ2, இன்னொன்றில் ஏ2<60 என்று தனித்தனியாகப் போட்டிருந்தார். இரண்டும் சரியாக வந்தன. சேர்க்கும்போதுதான் கெடுகிறது என்று கண்டுபிடித்து, அண்ட் ஃபங்ஷனுக்குள் இரண்டையும் வைத்து வேலையையும் முடித்துவிட்டார். குழுவில் கேட்டது 'ஏன்' என்று மட்டும்.

மூன்று இடத்தில் மூன்று நடத்தை. பைத்தான் அந்தத் தொடரை இரண்டு ஒப்பீடுகளாகப் பிரித்து அண்டால் இணைக்கிறது. சி மொழி முதல் ஒப்பீட்டின் விடையான 1 அல்லது 0-வை 60-ஓடு ஒப்பிடுகிறது. எப்போதும் உண்மைதான் வரும். எக்செல்லும் முதல் விடையைத்தான் 60-ஓடு ஒப்பிடுகிறது. ஆனால் அதன் வரிசையில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டுமே எந்த எண்ணையும்விடப் பெரியவை. அதனால் எப்போதும் பொய்.

தம்பியின் முன்னேற்றத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. புரோகிராம்கள் ஓடின. நாட் வந்தால் இன்னமும் தடுமாறினார். 'இஃப் விலக்கு == ட்ரூ' என்றே எழுதிவந்தார். தேவையில்லாத ஒப்பீடுதான், ஆனால் தவறான விடை தராது என்பதால் விட்டுவிட்டோம். தேர்வு நெருங்கியதும் வருகை குறைந்தது.

அடுத்த அணிக்கு மாற்றுவது

இஃப்பைச் சொல்லித்தரும் முன் ஒரு முழு வகுப்பை ஒப்பீடுகளுக்கே ஒதுக்குகிறோம். எல்லாம் ஷெல்லில், ஒவ்வொரு ஒப்பீட்டின் விடையையும் முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் என்டர் தட்ட வேண்டும். '9' < '10' என்று மேற்கோள் குறிகளோடு ஒன்று அதில் கட்டாயம் இருக்கும். ஸ்ட்ரிங்குகள் எழுத்தெழுத்தாக ஒப்பிடப்படுவதால் விடை ஃபால்ஸ். பிழைச் செய்தியும் வராது.

சோதனைக்கான வண்டிகளை நிரல் எழுதும் முன்பே தாளில் குறிக்க வேண்டும், எதிர்பார்க்கும் விடையோடு. அதில் 'போகக்கூடாது' என்று வர வேண்டிய வண்டி குறைந்தது ஒன்று. சொந்த வண்டி எண்ணை மட்டும் போட்டுத் திருப்திப்படுவதற்கு இது ஒரு தடை. இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தால் நான்கு வரி அட்டவணையும் கட்டாயம்.

மீதி பார்க்கும் முறையை இன்னும் தள்ளிப்போடலாமா என்பதில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. சக ஆசிரியர் ஒருவர், ஐந்து முறை ஒரே மாறியை எழுதவைப்பது சலிப்பூட்டும் என்கிறார். அந்தச் சலிப்பு வந்த பிறகு கொடுத்தால்தான் மீதியின் அருமை தெரியும் என்பது என் கட்சி.

இந்த அணிக்கு எளிமைக்காக விட்டுவைத்த ஒரு விலக்கையும் சேர்க்கப்போகிறோம். பெண் ஓட்டும் காரில் 12 வயது வரையுள்ள குழந்தைகள் உடன் இருந்தாலும் 2019 விதிப்படி அனுமதி. இதை 'பெண்_ஓட்டுநர் அண்ட் பெண்கள்_மட்டும் ஆர் குழந்தைகள்_உடன்' என்று எழுதினால், அண்ட் ஆரைவிட முன்னுரிமை பெற்றது என்பதால் குழந்தையை ஏற்றிக்கொண்டு வரும் ஆணுக்கும் விலக்கு கிடைத்துவிடும். அடைப்புக்குறி எங்கே விழ வேண்டும் என்பதை அட்டவணையிலிருந்தே கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இந்த முறை நான்கு வரி போதாது, எட்டு வேண்டும்.